இரண்டு பலகை

எங்கள் ஊருக்குப் பெயர் வைத்தவர் மழை பெய்யாத ஏதோ ஒரு நாளில் வந்துபோயிருக்க வேண்டும். கினிகத்தேனை. சிங்களத்தில் 'கினிகத்' என்றால் தீப்பிடித்த. 'ஹேன' என்றால் சேனை. பக்கத்து வட்டவளை இலங்கையிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அங்கே கொட்டி மிஞ்சியது எங்களுக்கு. துவைத்துப் போட்ட வேட்டி மூன்று நாளைக்குக் காயாத ஊரில் தீ எப்படிப் பிடித்தது என்று வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள். "பேரு ஒண்ணு, ஊரு ஒண்ணு" என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

முப்பத்திரண்டு வருடம் இப்படிப் பாடம் நடத்தியவனைத்தான், ஓய்வுபெற்ற மறுமாதமே தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் பரிபாலன சபைக்குச் செயலாளராகப் போட்டார்கள். பெரிய பாவம் எதுவும் நான் செய்துவிடவில்லை. அதற்குத் தைரியம் வேண்டும். என்னுடையவை எல்லாம் சில்லறை. ஆனால் சில்லறையும் சேர்ந்தால் கனக்கிறது.

முதல் சில்லறை, ஒரு கூட்டம்.

எங்கள் டிவிசனில் ஒரு மாமா இருக்கிறார். எனக்கு மட்டுமல்ல, மூன்று லயத்துக்கும் மாமா. காமன் கூத்தா, கரகமா, கல்யாணமா, சாவா, அவருடைய தப்புச் சத்தம் கேட்காமல் இங்கே எதுவும் நடந்ததில்லை. சீனி வருத்தம் முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். யாரோ புண்ணியவான்கள் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். கோயிலுக்கு இருபத்து மூன்று படி. நாற்காலி முதல் படிக்குக் கீழே நின்றுவிடும். கொழுந்து மடுவத்துத் தகரத்தின் கீழ் ஒதுங்கி, மேலே மணி அடிக்கும்போது கும்பிட்டுக்கொள்வார்.

அந்த வருடத் திருவிழா அழைப்பிதழில் அவரைப் போன்றவர்களுக்கு விசேட அர்ச்சனை என்று ஒரு வரி போட நினைத்தோம். 'அவரைப் போன்றவர்கள்' என்பதை எப்படி அச்சடிப்பது என்பதில் பிரச்சினை. தலைவர் 'அங்கவீனர்' என்றார். பொருளாளர் அது பழசு, 'ஊனமுற்றோர்' என்றார். நான் இரண்டும் மனதைப் புண்படுத்தும் என்று எழுந்தேன். அரசாங்கப் படிவத்தில் முன்பு 'வலது குறைந்தோர்' என்றிருந்தது, இப்போது 'விசேட தேவையுடையோர்' என்று வருகிறது, தமிழ்நாட்டில் கலைஞர் கொடுத்த 'மாற்றுத்திறனாளி' இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் 'மாற்றாற்றல்' என்கிறார்கள் என்று சொல்லாராய்ச்சி நடத்தினேன். இரண்டரை மணி நேரம். நடுவில் ஒரு சுற்று சாயத்தண்ணி. கடைசியில் 'மாற்றாற்றல் கொண்ட அன்பர்கள்' ஏகமனதாக நிறைவேறியது. ஏதோ ஒன்றைக் கட்டி முடித்த களைப்போடு படியிறங்கி வந்தோம்.

மாமா தகரத்தின் கீழேயே இருந்தார். சாரல் அடித்து மடியில் போட்டிருந்த படங்கு நனைந்திருந்தது.

"என்னா மாஸ்டரு, ரொம்ப நேரமாப் பேசுனீங்க. என்னா முடிவாச்சு?"

"உங்களுக்கு நல்ல பேரு ஒண்ணு வச்சிருக்கோம் மாமா."

"எனக்குத்தான் ஏற்கனவே ஒண்ணு இருக்கே" என்றார்.

இரண்டாவது சில்லறையும் வாயால் வந்ததுதான். அதே திருவிழாவில் எனக்கு ஒரு சொற்பொழிவு. தலைப்பு இரட்டைப் புலவர்கள். இளஞ்சூரியர், முதுசூரியர். ஒருவருக்குக் கண் தெரியாது, மற்றவரால் நடக்க முடியாது. கண் தெரியாதவர் தோளில் நடக்க முடியாதவர் ஏறிக்கொண்டு வழி சொல்ல, ஊர் ஊராகக் கோயில் கோயிலாகப் போனார்கள். ஒரு வெண்பாவில் முன்பாதி ஒருவர், பின்பாதி மற்றவர். தில்லைக் கலம்பகமும் திருவாமாத்தூர்க் கலம்பகமும் ஏகாம்பரநாதர் உலாவும் அவர்கள் பேரில் நிற்கின்றன. நான் உருகி உருகிப் பேசினேன். ஒருவருக்கொருவர் தோள் கொடுக்க வேண்டும் என்று முடித்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் கண் துடைத்தார்கள்.

ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றைப் படிக்குக் கீழே கட்டியிருந்தார்கள், மாமாவின் காதுக்கு நேரே. அடுத்த நாள் பார்த்தபோது சொன்னார்: "தோள் குடுக்காட்டிப் பரவால்ல மாஸ்டரு. அந்தப் பொட்டியக் கொஞ்சம் தள்ளிக் கட்டச் சொல்லுங்க."

நான் அதுவரை சொன்ன கதைகளை எல்லாம் பின்னால் யோசித்துப் பார்த்தேன். தண்டியடிகள் கதையை எத்தனை முறை சொல்லியிருப்பேன்! திருவாரூரில் பிறவியிலேயே பார்வையற்றவர், கயிற்றைப் பிடித்துக்கொண்டு குளம் வெட்டியவர், கடைசியில் கண் பெற்றார். சுந்தரர் பார்வை இழந்தார், காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண் என்று திரும்பப் பெற்றார். எங்கள் டிவிசனில் ஜெபக் கூட்டம் நடத்துபவர்களும் நடந்த முடவர்களைப் பற்றியும் பார்த்த குருடர்களைப் பற்றியும்தான் சாட்சி சொல்வார்கள். கதை முடிய வேண்டுமென்றால் குறை தீர வேண்டும். தீராத குறையோடு ஒருவர் கோயிலுக்கு வந்தால் அவரை எங்கே உட்காரவைப்பது என்று எங்கள் யாருடைய கதையிலும் இல்லை. இரட்டைப் புலவர்களுக்குக் கடைசிவரை கண்ணும் வரவில்லை, காலும் வரவில்லை. சாமியைத் திட்டிக்கூடப் பாடியிருக்கிறார்கள். அந்தப் பகுதியை நான் சொற்பொழிவில் விட்டுவிட்டேன்.

மூன்றாவது, முழங்கால் சம்பந்தப்பட்டது.

டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன். கொழும்புப் பக்கமிருந்து அட்டன் வழியாக நல்லதண்ணிக்குப் போகும் பஸ்களெல்லாம் எங்கள் டவுனைத் தாண்டித்தான் போகும். ஒரு வருடம் சபையிலிருந்து நாங்களும் போனோம். 2,243 மீட்டர் உயரம், ஏறத்தாழ 5,500 படி. ஏறும்போது நான்தான் முன்னால். பின்னால் வருபவர்களுக்கு மனவுறுதியைப் பற்றி விளக்கிக்கொண்டே ஏறினேன். இறங்கும்போது முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்டன. கடைசி ஆயிரம் படியை ஆடு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து நான்கு நாள் படி இறங்க முடியவில்லை. அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். என் வாசலிலிருந்து தண்ணிப் பீலிக்கு ஒன்பது படி. கக்கூசுக்குப் பதினாலு. ரோட்டுக்கு முப்பத்தொன்று. மலைநாட்டில் தட்டையாக இருப்பது ரொட்டி மட்டும்தான் என்று கண்டுபிடித்தேன். மாமாவை நினைத்து நெஞ்சு கரைந்தது. சபையைக் கூட்டி இதற்கு ஒரு வழி செய்தே ஆகவேண்டும் என்று மூன்றாம் நாள் இரவு சபதம் எடுத்தேன். ஐந்தாம் நாள் முழங்கால் பழையபடி ஆனது. நானும் பழையபடி ஆனேன்.

சபதம் ஒரு வருடம் கழித்து, வேறு யாரோ கேட்டதால் நினைவுக்கு வந்தது. கோயிலுக்கு ஒரு சரிவுப் பாதை வைத்தால் என்ன என்று பெண்கள் சங்கத்தில் ஒரு அக்கா கேட்டுவிட்டார். நான் கணக்கு வாத்தியார். சட்டத்தைப் படித்துக்கொண்டு வந்தேன். வலது குறைந்தோர் உரிமைகளுக்கான 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டடங்களுக்கான அணுகுவசதி விதிகள் 2006இல். ஐக்கிய நாடுகள் சாசனத்தை இலங்கை 2016இல் ஏற்றுக்கொண்டது. சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு இருக்க வேண்டும், அதாவது ஓரடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம். எங்கள் படி ஒவ்வொன்றும் அரையடி. இருபத்து மூன்று படிக்குப் பதினொன்றரை அடி உயரம். ஆகவே 138 அடி நீளத்துக்குச் சரிவு வேண்டும். கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். அது கொழுந்து மடுவத்தைத் துளைத்து, ஒரு மரத்தடியைத் தாண்டி, கொம்பனியின் தேயிலைக்குள் போய் முடிந்தது.

"ஆகவே சாத்தியமில்லை" என்றேன். விடை சரியாக வந்தபோது வகுப்பில் எப்படிச் சந்தோஷப்படுவேனோ அப்படிச் சந்தோஷப்பட்டேன். அந்த அக்கா ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். கோயிலுக்கு வேறு பக்கம் இருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. கணக்கில் கொடுக்காததைப் பார்க்கும் பழக்கம் கணக்கு வாத்தியாருக்குக் கிடையாது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதம் பேருக்கு, நாடு முழுவதும் 16 லட்சம் பேருக்கு, பார்க்கவோ கேட்கவோ நடக்கவோ நினைவில் வைக்கவோ ஏதோ ஒரு சிரமம் இருக்கிறது. அதையும் அன்று வாசித்தேன். எங்கள் கோயிலுக்கு வரிப்பணம் கட்டும் டிவிசனில் நானூறு பேர். அப்படியென்றால் முப்பத்தைந்து பேர் இருக்க வேண்டும். கோயிலில் நான் பார்த்தது படிக்குக் கீழே ஒருவரை. மிச்சம் முப்பத்து நாலு பேர் எங்கே என்று கணக்கு வாத்தியார் கேட்டிருக்க வேண்டாமா?

அந்த முப்பத்து நாலு பேரில் ஒருத்தி என் சின்னம்மா மகள்.

குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் நான்கு வருடம் இருந்துவிட்டு வந்தாள். வந்த புதிதில் எல்லாருக்கும் சோப்பும் போர்வையும் கொடுத்தாள். மூன்றாம் மாதம் தூக்கம் போனது. பிறகு பேச்சு போனது. பிறகு யாரும் இல்லாத பக்கம் பார்த்துப் பேச்சு வந்தது. அடுப்பங்கரையில் உட்கார்ந்து, கழுவின கோப்பையையே மறுபடி மறுபடி கழுவுவாள்.

படித்தவன் என்று என்னிடம் வந்தார்கள். விஞ்ஞான மனப்பான்மை என்ற தலைப்பில் பாடசாலைப் பேச்சுப் போட்டிக்கு இருபது வருடம் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தியவன் நான். நேராகக் கோடங்கியிடம் அழைத்துப் போனேன்.

கோடங்கி உடுக்கை அடித்தார். அரிசி போட்டுப் பார்த்தார். எலுமிச்சம்பழம் வெட்டினார். பிறகு அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "மாஸ்டரு, இது நம்ம சரக்கு இல்ல. மொதல்ல டொக்டர்கிட்டக் காட்டுங்க. அப்புறமா வேணும்னா ஒரு கழிப்புக் கழிச்சுக்கலாம்."

இதை நான் சின்னம்மாவிடம் சொல்லவில்லை. கோடங்கிக்குச் சக்தி போதாது என்று சொன்னேன்.

அடுத்து ஜெபக் கூட்டத்துக்குப் போனோம். அவர்கள் தலையில் கை வைத்து அழுதார்கள், நாங்களும் அழுதோம். அடுத்து விகாரைக்குப் போய் பிரித் ஓதிய நூல் கட்டிக்கொண்டு வந்தோம். அடுத்து டவுன் பள்ளிவாசல் பக்கம் ஒரு மௌலவி தண்ணீர் ஓதிக் கொடுத்தார். ஏழு மாதம். மத நல்லிணக்கத்துக்கு அரசாங்கம் விருது கொடுத்தால் எங்கள் குடும்பத்துக்குக் கொடுத்திருக்க வேண்டும். நாலு மதமும் முடிந்தது. பாக்கி இருந்தது கிளினிக் ஒன்றுதான்.

ஏன் போகவில்லை? விஞ்ஞானத்தின் மேல் நம்பிக்கை இல்லாமலா? அதெல்லாம் பெரிய காரணம். எங்கள் பக்கத்தில் ஒருவனைத் திட்ட, மனநோய் ஆஸ்பத்திரி இருக்கும் ஊரின் பெயரைச் சேர்த்து 'அங்கொட கேஸ்' என்றால் போதும். மனநோய் கிளினிக் வரிசையில் மாஸ்டரை யாராவது பார்த்துவிட்டால்? சாமி பிடித்தால் குடும்பத்துக்கு ஒரு மரியாதை. பேய் பிடித்தாலும் அனுதாபம். நோய் பிடித்தால்தான் வெட்கம். வெட்கத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்து ஏழு மாதம் சுற்றினேன். பெயர் வைப்பதில் எனக்கிருந்த திறமையை ஏற்கனவே சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் சின்னம்மாவே ஒரு ஓட்டோ பிடித்து அழைத்துப் போனார். எனக்குச் சொல்லவில்லை. இரண்டு மாதத்தில் அவள் தூங்கினாள். நான்காம் மாதம் என்னைப் பார்த்து "அண்ணே, சாப்பிட்டீங்களா" என்று கேட்டாள். ஊரில் கோடங்கி கும்பிட்டது பலித்தது என்றது ஒரு கூட்டம், ஜெபம் என்றது இன்னொரு கூட்டம். செயலாளர் என்ற முறையில் நான் அம்மன் கிருபை என்றேன். அதோடு விடாமல், அவள் வீட்டுக்கே போய் அறிவுரையும் சொன்னேன். "இப்பதான் நல்லாயிட்டியேம்மா, இன்னும் எதுக்கு மாத்திர? அம்மன் பாத்துக்குவா, நிப்பாட்டிடு."

அவள் கோப்பையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அண்ணே, நீங்க பிரஷர் மாத்திரைய நிப்பாட்டுங்க. அன்னைக்கே நானும் நிப்பாட்டிடுறேன்."

நான் நிப்பாட்டவில்லை. அவளும் நிப்பாட்டவில்லை. என் அறிவுரைகளில் யாரும் கேட்காததால் நன்மை விளைந்தது அது ஒன்றுதான்.

அதற்கு அடுத்த வருடம் எனக்கே வந்தது. காரணம் என்று சொல்ல ஒன்றுமில்லை. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும். தகரத்தில் மழை விழும் சத்தம். நெஞ்சு படபடவென்று அடிக்கும். ஏதோ ஒரு பெரிய தவறு நடந்துவிட்டது, அது என்னவென்று எனக்கு மட்டும் தெரியாது என்பது போல இருக்கும். பகலில் கோயில் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் எண்கள் கண்ணுக்குள் போகும், தலைக்குள் போகாது. ஊரார் ஆளுக்கொரு மருந்து சொன்னார்கள். ஒருவர் கந்த சஷ்டி கவசம், ஒருவர் துளசித் தண்ணி, ஒருவர் குலதெய்வத்துக்குக் கிடா. எல்லாம் நான் மற்றவர்களுக்குச் சொன்னவைதான், எனக்கே திரும்பி வந்தன. நம்பிக்கை வையுங்கள் மாஸ்டர் என்று தோளில் தட்டினார்கள். கும்பிடாமலா இருந்தேன்? கும்பிட்டுக்கொண்டேதான் படபடத்தது. படபடப்பு இருக்கிறதென்றால் பக்தி குறைவு என்று அவர்கள் சொல்லாமல் சொன்னபோதுதான், இதே கையால் எத்தனை பேர் தோளில் தட்டியிருக்கிறேன் என்று உறைத்தது.

தெரிந்த முகம் இருக்கக்கூடாது என்று அட்டனையும் விட்டு, நாவலப்பிட்டியையும் விட்டு, கண்டிக்குப் போனேன். கிளினிக் கொப்பியைப் பஞ்சாங்கத்துக்குள் வைத்து, பஞ்சாங்கத்தைத் துணிப்பைக்குள் வைத்து, வாங்கின் கடைசியில் உட்கார்ந்தேன். பக்கத்தில் மப்ளரைத் தலையோடு சுற்றி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பையிலிருந்து எதையோ எடுக்கும்போது உடுக்கையின் விளிம்பு தெரிந்தது.

எங்கள் கோடங்கி.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "கொலஸ்ட்ரோல்" என்றோம்.

பிறகு கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. எதிர்ச் சுவரில் படபடப்பைப் பற்றி மூன்று மொழியிலும் எழுதிய ஒரு படம் ஒட்டியிருந்தது. இருவரும் மூன்று மொழியையும் வாசித்தோம். கோடங்கிதான் முதலில் சிரித்தார். எட்டு வருடமாக வருகிறாராம்.

"உங்களுக்குத்தான் சாமி வருதே" என்றேன்.

"சாமி பத்து மணிக்கு வரும் மாஸ்டரு, பன்னெண்டு மணிக்குப் போயிரும். தூக்கம் அதுக்கப்புறம்தானே வரணும்." கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அந்தப் புள்ளையக் கூட்டிட்டு வந்தீங்களே, அன்னைக்குப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுது. நான்தான் சொன்னேனே. வீட்ல சொன்னீங்களா?"

அதற்குள் என் இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள். கடவுள் இருக்கிறார்.

மாத்திரையில் தூக்கம் திரும்பியதும் பழைய வியாதியும் திரும்பியது. வாசிக்க ஆரம்பித்தேன், வாசித்ததைப் பேச ஆரம்பித்தேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தர்காவுக்குப் பக்கத்திலிருந்த ஒரு மனநோயாளர் விடுதி தீப்பிடித்தது. குணமாகட்டும் என்று குடும்பத்தார் கொண்டுவந்து விட்ட மனிதர்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதற்கு அடுத்த வருடம், 2002இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராமும் மற்றவர்களும் ஒரு ஆய்வு எழுதினார்கள். அதுவும் தமிழ்நாடுதான். முத்துசுவாமி கோயில் என்று ஒன்று. கடுமையான மனநோயோடு அங்கே வந்து தங்கிய 31 பேரைப் பார்த்திருக்கிறார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கினார்கள். சங்கிலி இல்லை, உடுக்கை இல்லை, விசேடமான பரிகாரம் எதுவும் இல்லை. கூடவே வீட்டார் ஒருவர் இருந்தார். காலையில் பூசை, பிறகு கோயிலில் சின்னச் சின்ன வேலை. போகும்போது நோயின் அளவு கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது.

ஒரு வருட இடைவெளியில் இரண்டு செய்தி. இரண்டு இடத்துக்கும் சாமியை நம்பித்தான் வந்தார்கள். ஒன்றில் கட்டிப்போட இடம், மற்றதில் இருக்க இடம். அந்த 20 சதவீதத்தை அம்மன் கணக்கில் எழுதுவதா, கூட்டுமாறு கணக்கில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை. சங்கிலியை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது மட்டும் தெரிகிறது. ஏழு மாதம் ஒருத்தியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நாலு வாசல் ஏறியவன் நான். அதுவும் ஒரு நீளமான சங்கிலிதான்.

இதைச் சபையில் ஒரு மணி நேரம் விளக்கினேன். விளைவாக ஒரு காரியமும் செய்தேன். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கம் 1926. அதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் பூசை நேரங்களுக்குக் கீழே எழுதச் சொன்னேன். அங்கொட என்று எழுதக் கூசி, மனநலம் என்று எழுதவும் கூசி, இலக்கத்தை மட்டும் எழுதச் சொன்னேன். பெயின்ட் அடித்த பையன் பெரிதாக, அழகாக, சிவப்பில் எழுதினான்: 1926.

அடுத்த திருவிழா அழைப்பிதழில் '1926ஆம் ஆண்டு ஸ்தாபிக்கப்பட்ட' என்று அச்சாகியிருந்தது. பழைய கோயில் என்றதும் கொழும்பிலிருந்து நன்கொடை கூடுதலாக வந்தது. நான் திருத்தவில்லை.

இனி பலகை.

அதே திருவிழா. அம்மன் வெளியே வரும் நாள். மாமா இந்த முறை படிக்குக் கீழே இல்லை. ஓட்டோவில் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் பின்பக்கம் கார்ட் ரோட்டுக்கு வந்திருந்தார். கோயில் மலைச்சரிவில் கட்டியது. முன்பக்கம்தான் இருபத்து மூன்று படி. பின்பக்கம் மண்டபமும் ரோட்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், மூன்றே படி. தேர் அந்த வழியாகத்தான் வெளியே வரும். எங்கள் தேர் சின்னது. நாலு சக்கரம் வைத்த மேடை. சக்கரம் படியில் இறங்காது என்பதால் ஸ்டோர் ரூமிலிருந்து இரண்டு பலாப் பலகையை எடுத்துப் படியின் மேல் சாய்த்து வைப்பார்கள். ஒவ்வொன்றும் ஒன்பதடி. நடுவில் சக்கரம் உருண்டு உருண்டு பள்ளம் விழுந்து, அந்தப் பள்ளம் மட்டும் எண்ணெய் பூசினதுபோலப் பளபளக்கும். வருடா வருடம் பார்க்கிறேன். இருப்புப் புத்தகத்தில் 'பலகை 2' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.

அம்மன் இறங்கிப் போனாள். தப்புச் சத்தமும் கூட்டமும் லயத்துப் பக்கம் போயின. பலகை அப்படியே கிடந்தது. மாமா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அம்மாளுக்கும் படி எறங்க முடியாதுதானே மாஸ்டரு" என்றார்.

என் சின்னம்மா மகள் நாற்காலியின் பின்னால் வந்து நின்றாள். எனக்கோ வாய் சும்மா இருக்கவில்லை. "மாமா, மூணு படிக்கு ஒன்றரை அடி. விதிப்படி பதினெட்டு அடி வேணும். இது ஒன்பதுதான்..."

"அவளுக்குப் போதும்னா எனக்கும் போதும். புடிங்க."

பிடித்தோம். இரண்டு நிமிடம் ஆகவில்லை. மண்டபத்துக்குள் நாற்காலி நின்றது. அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இந்தப் பலகைய முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா?"

"ஆறு வருசமாப் பாக்குறேன். நீங்கதான் பேசிக்கிட்டிருந்தீங்களே. நடுவுல எதுக்குன்னு இருந்துட்டேன்."

"சரி, ஆறு வருசம் கழிச்சாவது உள்ள வந்துட்டீங்க."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. தெரியாத பிள்ளைக்குப் பாடம் சொல்லும் பார்வை. "ஆறு வருசமா? எனக்கு ரெண்டு காலும் இருந்தப்ப மட்டும் என்னா. தப்பு அடிக்கிறவன் நிக்கிற எடம் படிக்குக் கீழதானே. ஏறாதன்னு யாரும் சொன்னதில்ல. ஏறி வான்னும் சொன்னதில்ல."

அதற்கு நான் ஒரு பெயரும் கண்டுபிடிக்கவில்லை.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் பலகை போடுகிறோம். போடுகிறோம் என்றால், இரண்டு வெள்ளி நான் போட்டேன், மூன்றாவது வெள்ளி சாவியை வீட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டேன். மாமா மழையில் ரோட்டில் இருந்தார். சாவியைச் சின்னம்மா மகளிடம் கொடுத்துவிடலாம் என்று கோடங்கி சபையில் சொன்னார். அவள்தான் விடிகாலையில் வந்து கோயிலைக் கூட்டுகிறாள், விளக்குத் தேய்க்கிறாள். பொருளாளர் இழுத்தார்: "அந்தப் புள்ள இன்னும் மாத்திர போட்டுக்கிட்டில்ல இருக்கு. கோயில் சாவிய எப்புடி...?"

சபை அமைதியானது. நான் கூரையைப் பார்த்தேன். எத்தனை தகரம் என்று எண்ணினேன். பதினெட்டு.

"நானும்தான் போடுறேன். எட்டு வருசமா" என்றார் கோடங்கி. "என் கையால விபூதி வாங்கிக்கிட்டுத்தானே இருக்கீங்க?"

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அந்த இடைவெளியில் நான் "நானும்" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சாவி அவள் கைக்குப் போனது. அதற்குப் பிறகு மாமா ஒரு நாளும் ரோட்டில் காத்திருக்கவில்லை.

கூட்டக் குறிப்பு எழுதுவது செயலாளர் வேலை. அன்று இரவு உட்கார்ந்து எழுதினேன்: 'சாவி பற்றிக் கோடங்கியார் கூறியதைச் செயலாளர் வழிமொழிந்தார்.' கோடங்கியார் என்ன கூறினார் என்று எழுதவில்லை. வரியில் இடம் போதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.